போதுமா, போதாதா? தரவுப் போதுமைக் கணக்குகளும் சப்ரகமுவத் தோட்டப்புற மாணவரும்

கப்பலொன்றில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் ஏற்றப்பட்டுள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?

பிரான்ஸ் நாட்டின் கிரனோபிள் நகரிலுள்ள கணிதக் கல்வி ஆய்வு நிறுவனமொன்று 1979-80 காலப்பகுதியில் இக்கேள்வியை ஆரம்ப வகுப்பு மாணவர் 97 பேரிடம் கேட்டது. அவர்களுள் 76 பேர் கேள்வியிலே கண்ட எண்களைக் கொண்டு எப்படியோ ஒரு வயதைக் கணித்து எழுதிக் கொடுத்தனர். ஆடுகளுக்கும் தலைவனின் வயதுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்கவில்லை. ஆசிரியர் கணக்குக் கொடுத்தால் அதற்கு விடை இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அவர்களை அவ்வாறு எழுத வைத்தது.

இதனைப் படித்துச் சிரிப்பதற்கு முன்னர் எமது வகுப்பறைகளை நாம் ஒருமுறை நோக்குவது நல்லது. கொடுத்த எண்களைக் கூட்டியோ பெருக்கியோ ஏதேனுமொரு விடையை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடும் பழக்கம் நம் பிள்ளைகளிடமும் ஆழமாக வேரூன்றியுள்ளது. "இந்தத் தரவைக் கொண்டு விடை காண முடியாது" என்று எழுதுவதற்கு மாணவனுக்குத் துணிவு வருவதில்லை. அப்படி எழுதுவதும் ஒரு விடையே என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதுமில்லை.

இந்தத் துணிவையே அளந்து பார்க்கும் வினாவகை ஒன்று உலகப் போட்டிப் பரீட்சைகளில் நெடுங்காலமாக உண்டு. அதனைத் தரவுப் போதுமை வினா என்பர். அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான சாட் பரீட்சையில் 1950களின் இறுதியிலே இவ்வகை வினாக்கள் சேர்க்கப்பட்டு, 1974இல் வேறொரு வகைக்கு இடம்விட்டு விலகின. முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கான ஜீமாட் பரீட்சையிலோ அவை இன்றுவரை நிலைத்துள்ளன. 2023 நவம்பரில் அப்பரீட்சை புதிய வடிவம் பெற்றபோது, கணிதப் பகுதியிலிருந்து இவ்வினாக்கள் நீக்கப்பட்டு, 45 நிமிடத்தில் 20 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டிய தரவுசார் பகுதியிலே வைக்கப்பட்டன. இந்தியாவில் வங்கி அதிகாரிகளைத் தெரிவு செய்யும் பரீட்சைகளிலும் இவை வழக்கமாக இடம்பெறுகின்றன.

இறக்குவானையிலும் தெரணியகலையிலும் படிக்கும் பிள்ளைக்கு ஜீமாட் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அப்பரீட்சைக்கான கட்டணமே ஒரு தோட்டக் குடும்பத்துக்கு எட்டாத தொகையாகும். ஆயினும் எமது நாட்டிலும் அரசாங்க சேவைக்கான போட்டிப் பரீட்சைகள் பலவற்றிலே நுண்ணறிவு வினாத்தாள் தனியிடம் பெற்றுள்ளது. தரவைப் படித்து, வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தறியும் ஆற்றல் அங்கெல்லாம் சோதிக்கப்படுகின்றது. வினாவின் பெயர் மாறலாம். அது கேட்கும் திறன் ஒன்றே.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் சிங்களக் கிராமங்களுக்கும் தேயிலை, இறப்பர் மலைகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் இவ்விரு மாவட்டங்களிலும் மிகச் சிலவே. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரும் முறை பல்லாண்டு காலமாக வழங்கி வருகின்றது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இரத்தினபுரி உண்டு; கேகாலை இல்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வாழும் எட்டியாந்தோட்டைப் பிள்ளை அச்சலுகையுமின்றிப் போட்டியிட வேண்டியுள்ளது. எட்டாத வளங்களைப் பற்றிப் பேசுவதோடு நின்றுவிடாமல், காசு செலவின்றிக் கைவரக்கூடிய ஒரு திறனைப் பற்றி இங்கு விளக்க விரும்புகின்றோம்.

வினாவின் அமைப்பு

தரவுப் போதுமை வினாவில் முதலில் ஒரு கேள்வி கேட்கப்படும். அதன் கீழே இரண்டு கூற்றுகள் தரப்படும். மாணவன் விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அக்கூற்றுகளைக் கொண்டு விடையைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதை மட்டும் தீர்மானித்தாற் போதும். தெரிவுகள் ஐந்து. அவை எல்லா வினாக்களுக்கும் பொதுவானவை.

அ. முதற் கூற்று மட்டும் போதும். இரண்டாவது மட்டும் போதாது.
ஆ. இரண்டாங் கூற்று மட்டும் போதும். முதலாவது மட்டும் போதாது.
இ. இரண்டும் சேர்ந்தாற் போதும், தனித்தனியே போதா.
ஈ. ஒவ்வொரு கூற்றும் தனித்தே போதும்.
உ. இரண்டும் சேர்ந்தாலும் போதா.

எளிய உதாரணம் ஒன்றைக் காண்போம். தோட்டமொன்றின் ஒரு பிரிவில் இன்று கொழுந்து கொய்த தொழிலாளர் எத்தனை பேர்? முதற் கூற்று: இன்று கொய்யப்பட்ட கொழுந்தின் மொத்த நிறை 720 கிலோகிராம். இரண்டாங் கூற்று: ஒருவர் சராசரியாக 18 கிலோகிராம் கொய்தார்.

மொத்த நிறை மட்டும் தெரிந்தால் ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. சராசரி மட்டும் தெரிந்தாலும் முடியாது. இரண்டும் தெரிந்தால் ஒன்றை மற்றதால் வகுக்கலாம். ஆகவே விடை இ. அந்த எண் 40 என்று கணித்துக் கொண்டிருப்பது பரீட்சையில் வீண்வேலையாகும். வகுத்தால் ஒரே ஒரு விடைதான் வரும் என்று உறுதியானதும் பேனையை எடுத்து அடுத்த வினாவுக்குச் செல்லலாம்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு

இவ்வினாக்களில் தவறுவோரிற் பெரும்பாலோர் கணிதம் தெரியாமல் தவறுவதில்லை. ஒழுங்கு தவறுவதாலேயே தவறுகின்றனர். ஆகவே பின்வரும் ஒழுங்கை மனத்திற் பதித்தல் வேண்டும்.

முதலாவதாக, கேள்வியை மட்டும் படித்து, அது எண்ணைக் கேட்கின்றதா, ஆம் அல்லது இல்லை என்ற விடையைக் கேட்கின்றதா என்பதைத் தெளிதல் வேண்டும். எதனை அறிந்தால் விடை வரும் என்பதையும் அப்பொழுதே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, இரண்டாங் கூற்றைக் கையால் மறைத்துவிட்டு முதற் கூற்றை மட்டும் ஆராய வேண்டும். மூன்றாவதாக, முதற் கூற்றை முற்றாக மறந்துவிட்டு இரண்டாங் கூற்றை மட்டும் ஆராய வேண்டும். இரண்டும் தனித்தனியே போதாவிடின் மாத்திரமே அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படியே கடினமானது. முதற் கூற்றிற் படித்த செய்தி மாணவன் அறியாமலே இரண்டாங் கூற்றுக்குள் நுழைந்துவிடும். மேலே கண்ட கணக்கிலும் 720 என்ற எண் மனத்தில் நிற்க, சராசரியைப் பார்த்தவுடன் "இது போதும்" என்று தோன்றி, ஆ என எழுதிவிடும் மாணவர் பலர்.

இந்த ஒழுங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. முதற் கூற்று போதும் என்று கண்டால் விடை அ அல்லது ஈ ஆகவே இருக்க முடியும். போதாது என்று கண்டால் ஆ, இ, உ ஆகிய மூன்றே எஞ்சும். நேரம் முடிந்துவிட்டாலும், ஐந்தில் ஒன்றை ஊகிப்பதைவிட இரண்டில் ஒன்றை ஊகிப்பது எவ்வளவோ மேல்.

வழுக்கும் இடங்கள்

இரண்டு கூற்றுகள் இருப்பதனாலேயே இரண்டு செய்திகள் இருப்பதாகக் கொள்ளலாகாது. தாயும் மகளும் கொழுந்து கொய்தனர். தாய் கொய்தது எவ்வளவு? முதற் கூற்று: இருவரும் சேர்ந்து 42 கிலோகிராம் கொய்தனர். இரண்டாங் கூற்று: இருவரின் சராசரி 21 கிலோகிராம். இரண்டாவது கூற்று முதலாவதையே வேறு உடையில் சொல்கின்றது. சேர்த்தாலும் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. தாய் 30, மகள் 12 ஆகவும் இருக்கலாம். தாய் 20, மகள் 22 ஆகவும் இருக்கலாம். விடை உ. தெரியாத கணியங்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு, ஆகவே போதும் என்று சூத்திரம் போல் மனனம் செய்தவர் இங்கே விழுவர்.

அச்சூத்திரத்தின் மறுபக்கமும் ஏமாற்றக்கூடியது. மாணவன் ஒருவன் 120 ரூபா விலையுள்ள கொப்பிகளும் 50 ரூபா விலையுள்ள பேனைகளும் வாங்கினான். வாங்கிய கொப்பிகள் எத்தனை? முதற் கூற்று: அவன் செலவிட்ட மொத்தத் தொகை 530 ரூபா. இரண்டாங் கூற்று: அவன் வாங்கிய பொருட்கள் மொத்தம் 5. தெரியாதவை இரண்டு இருப்பதால் இரு கூற்றும் வேண்டும் என்று எண்ணி இ என எழுதத் தோன்றும். ஆனால் கொப்பியை அரையாகவும் காலாகவும் வாங்க முடியாது. ஒரு கொப்பி எனின் மீதி 410 ரூபா. அது 50ஆல் வகுபடாது. இரண்டு எனின் மீதி 290, மூன்று எனின் 170, இவையும் வகுபடா. நான்கு எனின் மீதி 50. சரியாக ஒரு பேனை. வேறு வழியில்லை. முதற் கூற்று தனித்தே போதும். பொருட்கள் ஐந்து என்பது மட்டும் தெரிந்தால் கொப்பி ஒன்று முதல் நான்கு வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே விடை அ.

அதற்காக முழுவெண் என்றாலே ஒரு சமன்பாடு போதும் என்ற புதிய சூத்திரத்தை உருவாக்கிக் கொள்வதும் பிழையே. அதே கணக்கில் மொத்தத் தொகை 770 ரூபா எனக் கொள்வோம். ஒரு கொப்பியும் 13 பேனைகளும் வாங்கியிருக்கலாம். 6 கொப்பிகளும் ஒரு பேனையும் வாங்கியிருக்கலாம். இப்பொழுது முதற் கூற்று போதாது. எண் மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. ஆகவே இவ்வினாவில் குறுக்குவழி என்பது சோதித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான்.

சோதிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூற்றுக்குப் பொருந்தும் இரண்டு நிலைமைகளை எடுத்து, அவை இரு வேறு விடைகளைத் தந்தால், அக்கூற்று போதாது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிடும். ஆனால் இரண்டும் ஒரே விடையைத் தந்தால் அக்கூற்று போதும் என்று முடிவு செய்யலாகாது. மூன்றாவது நிலைமையொன்று அதனைப் பொய்யாக்கக்கூடும். போதாமையைக் காட்ட இரண்டு உதாரணங்கள் போதும். போதுமையைக் காட்டக் காரணம் வேண்டும்.

கேள்வி எதைப் பற்றியது என்பதும் விடையை மாற்றிவிடும். ஓர் எண்ணின் வர்க்கம் 49 எனின் அவ்வெண் யாது? 7 ஆகவும் இருக்கலாம். மறை 7 ஆகவும் இருக்கலாம். கூற்று போதாது. ஆனால் ஒரு லயத்திலுள்ள வீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கம் 49 என்றால், மறை எண்ணிக்கையில் வீடுகள் இருக்க முடியாது. கூற்று போதும். பூச்சியம், மறை எண், பின்னம் ஆகிய மூன்றையும் நினைத்துப் பார்த்தேனா என்று ஒவ்வொரு முறையும் தன்னைக் கேட்டுக்கொள்ளும் மாணவன் பல புள்ளிகளைக் காப்பாற்றிக் கொள்வான்.

ஒழுங்காக ஆக்கப்பட்ட வினாவில் இரு கூற்றுகளும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. ஒரு கூற்றிலிருந்து 40 என்றும் மற்றதிலிருந்து 35 என்றும் விடை வந்தால், எங்கோ கணக்குத் தவறியிருக்கின்றது என்பதே பொருள். வரைபடம் தரப்பட்டால் கண்ணளவை நம்பலாகாது. படத்திற் செங்கோணம் போல் தோன்றுவதெல்லாம் செங்கோணம் அன்று.

'இல்லை' என்பதும் விடையே

ஆம், இல்லை எனக் கேட்கும் வினாக்களில்தான் மிகப் பெரிய குழப்பம் நேர்கின்றது. இதனை விளக்க, எமது பிரதேசத்துக்கு நன்கு பழக்கமான மழையையே எடுத்துக்கொள்வோம். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் வெளியேறுமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்தி வந்துள்ளது.

வினா: கடந்த 24 மணித்தியாலத்தில் பெய்த மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டியதா? முதற் கூற்று: எந்த ஒரு மணித்தியாலத்திலும் 6 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யவில்லை. இரண்டாங் கூற்று: கடைசி 6 மணித்தியாலத்தில் 20 மில்லிமீற்றர் பெய்தது.

முதற் கூற்றின்படி மிகக் கூடுதலாகப் பெய்திருக்கக்கூடிய மழை 24 தடவை 6, அதாவது 144 மில்லிமீற்றர். எனவே 150ஐத் தாண்டவில்லை என்பது உறுதி. கேள்விக்கு "இல்லை" என்ற திட்டமான விடை கிடைத்துவிட்டது. ஆகவே முதற் கூற்று போதும். இரண்டாங் கூற்று எஞ்சிய 18 மணித்தியாலத்தைப் பற்றி எதுவும் சொல்லாமையால் போதாது. விடை அ. ஆனால் "இல்லை" என்று கண்டவுடன் "போதாது" என்று எழுதிவிடும் மாணவர் ஏராளம். "இல்லை" என்பது கேள்விக்குரிய விடை. "போதாது" என்பது தரவைப் பற்றிய தீர்ப்பு. உறுதியான இல்லை, உறுதியான ஆம் இரண்டுமே போதுமானவை. சில வேளை ஆம், சில வேளை இல்லை என்று வருவது மட்டுமே போதாதது.

அதே வினாவுக்கு வேறு கூற்றுகளைத் தருவோம். முதற் கூற்று: முதல் 12 மணித்தியாலத்தில் 95 மில்லிமீற்றர் பெய்தது. இரண்டாங் கூற்று: அடுத்த 12 மணித்தியாலத்தில் 60 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. இரண்டையும் சேர்த்தாலும் மழையின் சரியான அளவு தெரியாது. ஆயினும் அது 155ஐ விடக் கூடியது என்பது தெரியும். கேட்ட கேள்விக்கு அது போதும். விடை இ. சரியான எண் தெரியாவிட்டாலும் சரியான தீர்ப்புச் சொல்ல முடியும் என்பதை இவ்வினா கற்பிக்கின்றது.

பரீட்சைத் தாளுக்கு வெளியே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததையும், அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பொன்று மண்ணிற் புதைந்ததையும் கேகாலை மாவட்டம் மறக்கவில்லை. மழை 150ஐத் தாண்டவில்லை என்பதற்கு மலை சரியாது என்று பொருளில்லை. "மழை எவ்வளவு?" என்ற கேள்விக்குப் போதுமான தரவு, "இங்கே இருக்கலாமா?" என்ற கேள்விக்குப் போதாது. நிலத்தில் வெடிப்பு, திடீரெனத் தோன்றும் நீரூற்று, சாயும் மரங்கள் ஆகியவற்றையும் பார்த்தே அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தத் தரவு என்று பிரித்தறிவது இங்கே புள்ளிக்குரிய விடயமன்று, உயிருக்குரிய விடயமாகும்.

சம்பளச் சீட்டும் ஒரு வினாவே

இன்னோர் உதாரணத்தை ஒவ்வொரு லயத்து வீட்டிலும் காணலாம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா என்னும் நாட்சம்பளத்தைக் கணக்கின் பொருட்டு எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளியின் மாத அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? முதற் கூற்று: அம்மாதம் அவருக்குப் போடப்பட்ட பேர் 22. இரண்டாங் கூற்று: நாட்சம்பளம் 1,350 ரூபா. தனித்தனியே போதா, சேர்ந்தாற் போதும். 29,700 ரூபா.

கேள்வியைச் சற்றே மாற்றுவோம். அவர் கைக்கு வந்த தொகை எவ்வளவு? இப்பொழுது அதே இரு கூற்றுகள் போதா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்காக 8 சதவீதம், அதாவது 2,376 ரூபா கழிக்கப்படும். அதனை அறிந்தாலும் போதாது. பண்டிகை முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, கடன் தவணை முதலான கழிவுகள் எவ்வளவு என்பதும், மேலதிகக் கொழுந்துக்குரிய கொடுப்பனவு எவ்வளவு என்பதும் தெரிதல் வேண்டும். "சம்பளம் சரியா?" என்று கேட்டால் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். நிர்ணயித்த அளவுக்குக் கொழுந்து கொய்யாத நாளில் அரைப்பேர் விழுமாயின், 22 என்ற எண்ணே நாள்தோறும் நிறுத்த நிறையில் தங்கியுள்ளது. அந்த நிறை தொழிலாளியின் கையிலும் எழுதப்பட்டிருந்தாலன்றி 22 சரியா என்று எவராலும் சொல்ல முடியாது.

இறப்பர் மலையிலும் இதே கதைதான். பால்வெட்டும் தொழிலாளி கொண்டுவந்த பால் இத்தனை லீற்றர் என்பது மட்டும் தெரிந்தால் அதிலுள்ள உலர் இறப்பரின் நிறை தெரியாது. ஒரு லீற்றர் பாலில் உலர் இறப்பர் எவ்வளவு என்ற அளவீடும் தெரிய வேண்டும். 12 லீற்றர் பாலும், லீற்றருக்கு 0.3 கிலோகிராம் என்ற அளவீடும் சேர்ந்தால் 3.6 கிலோகிராம் என்று சொல்லலாம். ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்தால், அது தரவு போதாத கணக்கு.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலே தரவு மறைக்கப்பட்ட கணக்குக்குப் பழைய பெயரொன்று உண்டு. அதுவே துண்டு. கங்காணியின் கீழுள்ள தொழிலாளரின் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. கடன் இவ்வளவு என்ற மொத்தம் அதிலே இருந்தது. அந்தக் கடன் எப்படி வந்தது, எவ்வளவு ஏற்கெனவே கழிந்தது என்பதை எழுத்தறியாத தொழிலாளி சரிபார்க்க வழியிருக்கவில்லை. 1921இல் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கைநாட்டு வைக்கும் பழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டதாகக் கூற எம்மால் இயலவில்லை. சம்பளச் சீட்டைக் கையில் எடுத்து, "இதிலுள்ளது போதுமா? இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்கும் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்குமாயின் அப்பழக்கம் தானே மறையும்.

ஆசிரியர் செய்யக்கூடியது

ஹங்கேரியிலே பிறந்த கணிதமேதை ஜோர்ஜ் பொல்யா, கணக்குத் தீர்க்கும் முறை பற்றி 1945இல் வெளியிட்ட நூலில், கணக்கைத் தொடுமுன் மாணவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்தினார். தெரியாதது எது, தரவு எது, கொடுத்த நிபந்தனை போதுமா, குறைவா, மிகையா, முரணானதா என்பன அவற்றுட் சில. தரவுப் போதுமை வினா இக்கேள்விகளையே பரீட்சை வடிவில் கேட்கின்றது. பரீட்சைக்கென ஒரு தந்திரம் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. கணிதச் சிந்தனையின் முதற்படியே இதுதான்.

இதற்கென விலையுயர்ந்த நூல்களோ, நகரத்துத் தனியார் வகுப்புகளோ தேவையில்லை. பாடநூலிலுள்ள எந்தக் கணக்கையும் ஆசிரியர் இவ்வகை வினாவாக மாற்றலாம். தரவுகளுள் ஒன்றை நீக்கிவிட்டு "இனி முடியுமா?" என்று கேட்கலாம். வேண்டாத தரவொன்றைச் சேர்த்துவிட்டு "எது மிகை?" என்று கேட்கலாம். வாரத்தில் ஒரு நாள், பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், மாணவரே வினாவை ஆக்கி ஒருவரையொருவர் கேட்கச் செய்யலாம். வினாவை ஆக்கத் தெரிந்தவனை வினா ஏமாற்றுவது அரிது. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும் சிறிய தோட்டப் பாடசாலையிலும் இது இயலும்.

அத்தோடு, "தரவு போதாது, சேர்" என்று சொல்லும் பிள்ளையை அதட்டாதிருக்கவும் நாம் பழக வேண்டும். கேள்வியைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் உண்டு. அந்த எண்ணமே கிரனோபிளில் 76 பிள்ளைகளைக் கொண்டு கப்பல் தலைவனின் வயதைச் சொல்ல வைத்தது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கணிதப் புள்ளியைக் கேட்பதோடு நில்லாது, மாதமொருமுறை சம்பளச் சீட்டைப் பிள்ளையின் கையிற் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த வரிக்குக் கணக்குத் தெரிகின்றது, எந்த வரிக்குத் தெரியவில்லை என்று பிள்ளை பிரித்துச் சொல்லட்டும். தெரியாத வரியைப் பற்றி அடுத்த நாள் தோட்டக் காரியாலயத்தில் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்.

பரீட்சை மண்டபத்திலே அப்பிள்ளை சந்திக்கப்போகும் வினாவும் அதுவே. கொடுக்கப்பட்டது போதுமா என்று முதலிற் பார், போதுமானால் தயங்காதே, போதாவிட்டால் போதாது என்று சொல். சப்ரகமுவத் தோட்டப்புறப் பிள்ளைகள் அதனைச் சொல்லப் பழகிவிட்டால், பரீட்சைப் புள்ளி உயர்வதோடு, தமக்குக் கொடுக்கப்படுவது போதுமா என்ற பெரிய கேள்விக்கும் அவர்களே தரவோடு விடை சொல்வர்.